மடிப்புக்குள் சிவப்பு

தலைநகர் டூனிஸிலிருந்து விளக்கு மாற்ற ஆட்கள் வந்த அன்றைக்கென்று பார்த்துத் தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. பாலைவனத்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று. அது ஊருக்குள் நுழைந்தால் கடல்கூடச் சாம்பல் பூத்துப் போகும். ரொட்டியைக் கடித்தால் பல்லில் நறநறக்கும். அந்தக் காற்று அடிக்கிற நாளில் புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. எனக்குப் புருஷன் இல்லை. அதனால் எங்கள் சந்தின் வாயை மறித்து வண்டியை நிறுத்தியிருந்த லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் அருங்காட்சியகத்தை அருங்காட்சியகம் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. பட்டு வீடு என்பார்கள். முற்காலத்துப் பட்டு வியாபாரி ஒருவன் கட்டிய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைகளில் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் கல்யாணத்தில் உடுத்திய சரிகை அங்கிகள். கோடையில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பூனைகளும் வரும். இருவருக்கும் டிக்கெட் இல்லை. வாசல் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற ராள்யா நான்தான்.

விளக்கு வேலைக்குத் தலைவியாக வந்தவள் பெயர் இன்ஸாஃப். பழந்துணி கெடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே படித்த பெண். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வெளிச்சம் அளக்கிற கருவி ஒன்றைத் தாயத்து மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வந்து இறங்கிய சூட்டோடு அவளிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பலரும் கேட்டுவிட்டார்கள். நானும் என் பங்குக்குக் கேட்டேன்.

"இன்னும் இல்ல ராத்தா. மாப்பிள்ளை வச்சிருக்கீங்களா?"

"இருக்கான். ஆனா மீன் நாத்தம் அடிப்பான்."

"எங்கிட்ட பூச்சி மருந்து நாத்தம் அடிக்கும். பேசி முடிச்சிருங்க."

அந்தப் பதிலிலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. முதல் அறைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பழைய ஹாலஜன் பல்பின் கீழே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கோழிக்குஞ்சு பொரிக்கலாம்" என்றாள். பட்டுக்கு வெளிச்சம் ஆகாதாம். மெல்லத் தின்றுவிடுமாம். சாயம் முதலில் போகும், பிறகு இழை ஒடியும். இனிமேல் எல்லாப் பெட்டியிலும் சூடு இல்லாத சின்ன எல்இடி விளக்குகள்தான். மெழுகுவர்த்தி வெளிச்சம் மாதிரி மங்கலாக எரியும். ஆள் வந்து நின்றால் எரியும், போனால் அணையும்.

"அப்ப ஜனங்க எப்படிப் பாக்கறது?" என்றேன்.

"கண்ணு பழகிக்கும் ராத்தா. துணிக்குப் பழகாது."

ஏணியின் மேல் நின்று பழைய வயரை உருவிக்கொண்டிருந்த ஷாத்லி நானா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் படகுகளுக்கும் பட்டு வீட்டுக்கும் அவர்தான் எலெக்ட்ரீஷியன். நெட்டை மனிதர். கூரை தாழ்ந்த படகு அறைகளில் வேலை செய்து செய்து முதுகு அப்படியே வளைந்துவிட்டது. பேச்சு முன்பே கம்மி. மகன் போன பிறகு அதுவும் இல்லை. எதிர் வீடு என்பதால் எனக்குத் தெரியும், அந்த வீட்டில் ரேடியோகூட வைத்த இடத்தில் தூசி படிந்து கிடக்கிறது.

மகன் அனீஸ். ஒரே பிள்ளை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் ராத்திரி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், இத்தாலியின் லாம்பெதூஸா தீவுக்குப் போகிற கள்ளப் படகில் ஏறிவிட்டான். படகு கவிழ்ந்தது. சில பேருடைய மையித்து கரை சேர்ந்தது. அவனுடையது வரவில்லை.

கடலுக்குப் போனவன் வீட்டு வாசல் விளக்கை எங்கள் ஊரில் வீட்டில் இருக்கிறவர்கள் அணைக்க மாட்டார்கள். போனவன் திரும்பி வந்து தன் கையால் அணைக்க வேண்டும். பட்டப்பகலில் வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருக்கிற பல்பைப் பார்த்து வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்று ராத்திரி அனீஸ் மீன்பிடிக்கப் போகவில்லையே, யாருக்குத் தெரியும்? வழக்கம்போல அவன் உம்மா வஸீலா வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அவள் கையாலேயே அணைத்தது. அந்தக் கையை அதற்குப் பிறகு அவள் மருதாணிக்கு நீட்டவே இல்லை.

மூன்றாம் நாள் ஓதவும் விடவில்லை, நாற்பதுக்குச் சோறாக்கவும் விடவில்லை. "மையித்த யாரு பாத்தீங்க? பாத்தவங்க வந்து ஓதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். வந்த ஜனம் கொண்டுவந்த பாத்திரங்களோடு திரும்பிப் போனது. அப்புறம் ஒரு நாள் பெட்டியைத் திறந்து தன் கல்யாண அங்கியை எடுத்தாள். எங்கள் பக்கம் மாமியார் உடுத்தியதைத்தான் மருமகள் உடுத்த வேண்டும். மாதுளை முத்துச் சிவப்பில் பட்டு, நெஞ்சு நிறையச் சரிகை. தங்கச்சி மகன் கல்யாணத்துக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை. பட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது பெட்டியில் அதைத் தொங்கவிட்டு ஷாத்லி நானா விளக்கைப் போட்ட அன்றைக்கு நான் பக்கத்தில்தான் இருந்தேன். வஸீலா ராத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனிடம், "இது அணையாம பாத்துக்கங்க" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டார். மற்ற விளக்குகள் எல்லாம் ஒரே சுவிட்சில் அணையும். இந்த ஒன்றை மட்டும் அவர் அவசர வழி விளக்கின் வயரோடு சேர்த்துவிட்டார். ராத்திரி முழுக்க எரியும். மரச் சட்டத்தின் இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் சந்தில் ஒரு கோடாக விழும். விடியலில் சுபுஹு தொழப் போகிறவர்கள் அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். சந்துக்கே தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியம் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. மற்ற ஊரில் யாராவது ஒருத்தன் கரண்டு வீணாகிறது என்று மொட்டைக் கடுதாசி போட்டிருப்பான். எங்கள் ஊரில் விளக்குக்கு எதிராக யாரும் பேச மாட்டோம்.

வஸீலா ராத்தா தினமும் சந்தைக்குப் போய்விட்டுக் கூடையோடு வருவாள். டிக்கெட் கேட்க நான் என்ன பைத்தியமா? பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவாள். அழ மாட்டாள். துஆ கேட்கிற மாதிரியும் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். கூடையில் மத்தி மீன் இருந்தால் பூனைகள் சுற்றி உட்காரும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வரேன் ராள்யா, உலை வைக்கணும்" என்று போய்விடுவாள்.

இன்ஸாஃப் அன்று மத்தியானத்துக்குள் மூன்றாவது பெட்டிக்கு வந்துவிட்டாள். போன வருஷம் அவள் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் எல்லாப் பெட்டிக்குள்ளும் மூலையில் ஒரு சின்ன அட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அட்டையில் நீலக் கம்பளிப் பட்டைகள். வெளிச்சம் பட்டால் அவை வெளுக்கும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தால் துணி எவ்வளவு வெளிச்சம் குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். மற்ற அட்டைகளைப் பார்த்துத் தலையாட்டியவள், இந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஷாத்லி மாமா, இந்தப் பெட்டி லைட்ட எப்ப அணைப்பீங்க?"

"சாத்தும்போது."

"மத்ததோட சேத்தா?"

"மத்ததோட சேத்துத்தான்."

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். இன்ஸாஃப் என்னைப் பார்த்தாள். நான் விற்காத டிக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

"ஒரு வருஷத்துல இப்படி வெளுக்காது மாமா. தப்புக் கண்டுபிடிக்கக் கேக்கல. துணிய என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணணும்ல?"

அவர் ஏணியிலிருந்து இறங்கிப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் அவள் அங்கியை இறக்கிப் பின்கட்டு அறையில் நீள மேஜையில் கிடத்தியிருந்தாள். கை மடிப்பை ஒரு விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினாள். மடிப்புக்குள் மாதுளைச் சிவப்பு அப்படியே இருந்தது. வெளியே வெங்காயச் சருகு. அவ்வளவு வித்தியாசம். தினமும் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. தோள்பட்டையில் பட்டு நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. சரிகையின் கனம் தாங்கவில்லை.

"இனிமே தொங்கவிட முடியாது ராத்தா. பெட்டியில படுக்க வச்சு இருட்டுல வைக்கணும். அப்படியே இருந்துட்டா இன்னும் ரொம்பக் காலம் இருக்கும். யாரு குடுத்தது, அவங்ககிட்ட சொல்லணுமே."

"நான் சொல்லிக்கறேன்" என்று வாசலிலிருந்து ஷாத்லி நானா சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் என் கூண்டுக்கு வந்தார். மூலைக் கடையில் கொண்டைக்கடலைச் சாறு வாங்கி வந்திருந்தார், எனக்கும் ஒரு கிண்ணம். பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மிளகாய் விழுதைக் கலக்கி, என்னிடம் தள்ளினார். ஆறு வருஷத்தில் எனக்கு அவர் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லலையா?"

"சொல்லல."

"ராத்திரி பூரா என்ன பண்ணீங்க?"

"மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவளும்தான் பாத்துக்கிட்டு இருந்தா. காத்துல தூக்கம் வரலன்னு சொன்னா."

"நானா, இதுல மறைக்க என்ன இருக்கு? வந்து பாத்தா காலிப் பெட்டி. அப்பத் தெரியாதா?"

"நீ சொல்லேன் ராள்யா."

"நான் என்னத்தச் சொல்ல?"

"துணி நைஞ்சுபோச்சு, இருட்டுல வைக்கணும்னு சொல்லு. லைட்டாலன்னு சொல்லாத."

"பின்னே எதாலன்னு சொல்ல? எலி கடிச்சுதுன்னா?"

"எலின்னே சொல்லு."

"நாலு பூனை வச்சிருக்கோம், எலின்னா சிரிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அழுவுன்னு சொன்னேன், அழல. ஊர விட்டுப் போவமான்னேன், வரல. அந்த ஒரு லைட்டத்தான் கேட்டா. அது எரியற வரைக்கும் அவளுக்குப் புள்ள இருக்கான். இப்ப நான் போய், அந்த லைட்டுதான் உன் துணியத் தின்னுச்சு, அதையும் புடுங்கிட்டேன்னு சொன்னா, அவளுக்கு மிச்சம் என்ன இருக்கு, சொல்லு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

"உங்களுக்குப் புள்ள இருக்கானா?"

கேட்டிருக்கக் கூடாது. காற்றின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

"கடல்ல நாப்பது வருஷம் வயரு இழுத்திருக்கேன் ராள்யா. அவன் போன மாசத்துத் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "சாப்பிடு, ஆறிப்போகுது."

சாப்பிட்டேன். என்ன செய்வது, பசிக்கத்தான் செய்தது.

கொஞ்ச நேரத்தில் வஸீலா ராத்தா வந்தாள். தலைத்துணியை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள், புருவத்தில் மண். கூடையில் வெந்தயக்கீரையும் ஒரு கணவாயும். என் கூண்டைத் தாண்டிப் போகும்போது, "என்ன ராள்யா, ஒரே பெட்டியும் குப்பையுமா கிடக்கு" என்றாள். கூண்டைப் பூட்டாமல்கூட அவள் பின்னாலேயே ஓடினேன்.

மூன்றாவது பெட்டி காலியாக இருந்தது. உள்ளே புதிய விளக்குகள் பொருத்தியாகிவிட்டது, இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. அவள் நாற்காலியைத் தேடினாள். நாற்காலியின் மேல் எவனோ வயர்ச் சுருளை வைத்திருந்தான். நின்றபடியே கண்ணாடியைப் பார்த்தாள்.

"எங்க?"

ஷாத்லி நானா ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "உள்ள வா புள்ள" என்றார்.

பின்கட்டு அறையில் இன்ஸாஃப் மேஜைப் பக்கத்தில் நீள அட்டைப் பெட்டி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துணியைக் கிழித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, "வாங்க மாமி" என்று இடம் விட்டாள்.

வஸீலா ராத்தா கூடையைத் தரையில் வைத்தாள். மேஜையில் கிடந்ததைப் பார்த்தாள். தொடவில்லை.

"நாந்தான்" என்றார் ஷாத்லி நானா. "ராத்திரி பகலா எரிய விட்டேன். அந்த லைட்டுதான் இப்படிப் பண்ணிருச்சாம். எனக்குத் தெரியாது வஸீலா. தெரிஞ்சிருந்தா..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"தினம் பாக்கறேன். வெளுக்கறது தெரியாதா? ரெண்டாவது வருஷமே தோளு வெளுத்துப்போச்சு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னா அணைச்சிருப்பீங்க."

"ஆமா, அணைச்சிருப்பேன்."

"அதான் சொல்லல." அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்து நான் கண்டு எத்தனையோ காலம் ஆகிறது. "முதல் வருஷம் எனக்காகத்தாங்க அந்த லைட்டக் கேட்டேன். பொய் சொல்லக் கூடாது. அவன் வந்துருவான்னு இருந்தேன். அப்புறம் ஒரு நாள், மீன் கழுவிக்கிட்டு இருந்தேன், வர மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. என்னமோ ரொம்ப நாளாத் தெரிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. மீனக் கழுவி முடிச்சு வறுத்து வச்சேன். நீங்க சாப்பிட்டீங்க."

"பின்ன எதுக்குத் தினம் வந்து உக்காந்தே?"

"நீங்க எனக்காக வயரு இழுத்து வச்சிருக்கீங்க. ஏணி மேல ஏறி அந்த பல்ப மாத்தி மாத்திப் போடுறீங்க. உங்களுக்குன்னு அந்த ஒரு வேலைதான் இருந்துச்சு. நான் வராம இருந்தா அப்புறம் நீங்க யாருக்குப் போடுவீங்க?"

இன்ஸாஃப் வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷாத்லி நானா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதார் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மண் படிந்த முகம், அவ்வளவுதான். அழுதது நான்தான். சம்பந்தம் இல்லாதவளுக்குத்தான் அழுகை சீக்கிரம் வருகிறது.

"இத என்ன பண்ணுவே மவளே?" என்று வஸீலா ராத்தா இன்ஸாஃபைக் கேட்டாள்.

இன்ஸாஃப் மெல்ல எடுத்துச் சொன்னாள். பெட்டிக்குள் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அங்கியைப் படுக்க வைக்க வேண்டும். மடிப்பு விழுகிற இடத்தில் எல்லாம் மெல்லிய காகிதத்தை உருட்டி உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் பட்டு ஒடியும். பிறகு மேலே துணியைப் போர்த்தி மூடிவிட வேண்டும். மாடியில் இருட்டறையில் அடுக்கு இருக்கிறது.

"நான் வைக்கலாமா?"

"தாராளமா மாமி. கைய மட்டும் கழுவிட்டு வந்துருங்க."

அவள் போய்க் கையைக் கழுவினாள். கை கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தொழப் போகிறவள் மாதிரி முழங்கை வரைக்கும் கழுவி, முகம் கழுவி, காலும் கழுவி வந்தாள். நாங்கள் நாலு பேருமாக அங்கியின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினோம். கனம்தான், சரிகையின் கனம். பெட்டிக்கு மேலே கொண்டுபோனபோது வஸீலா ராத்தா நின்றாள்.

"என்னங்க, கிப்லா எந்தப் பக்கம்?"

ஷாத்லி நானா ஜன்னலைப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, மக்கா இருக்கிற திசையைக் கண்ணால் காட்டினார். இன்ஸாஃப் தன் பக்கத்தை என் கையில் சேர்த்துவிட்டு மேஜையின் மறு முனைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பினாள். மையித்தை வைக்கிற மாதிரியே வலது தோள் கீழே வர, லேசாகச் சரித்து வைத்தோம். அப்படி வைத்தால் துணிக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அடியில் கொஞ்சம் காகிதம் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டினாள்.

கை மடிப்புக்குள் காகிதத்தை வைக்கும்போது அந்தச் சிவப்பு ஒரு தரம் தெரிந்தது. வஸீலா ராத்தா அதைப் பார்த்தாள், மடிப்பை மூடினாள். வெள்ளைத் துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போர்த்தினாள். சுருக்கம் நீவிவிட்டாள். கால்மாட்டுப் பக்கம் ஒரு தரம், தலைமாட்டுப் பக்கம் ஒரு தரம்.

ஷாத்லி நானா இரண்டு கையையும் ஏந்திப் பாத்திஹா ஓதினார். குரல் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி மாட்டி மாட்டி வந்தது. ஓதி முடித்ததும் நாங்கள் எல்லோரும் முகத்தில் கையைத் தடவிக்கொண்டோம். வெளியே காற்று அடங்கவில்லை. லைட் ஆட்கள் சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தவர்கள், விஷயம் தெரியாமலே, நிறுத்திவிட்டார்கள்.

இன்ஸாஃப் மூடியை எடுத்தாள். வஸீலா ராத்தா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக மூடினார்கள்.

"பயப்படாதீங்க மாமி" என்றாள் இன்ஸாஃப். "உங்க துணிதான். எப்பப் பாக்கணும்னு தோணினாலும் வாங்க. நான் எழுதி வச்சிட்டுப் போறேன், திறந்து காட்டுவாங்க."

வஸீலா ராத்தா கூடையைத் தரையிலிருந்து எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். மூடியின் மேல் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"வேணாம் மவளே" என்றாள். "மூடினதத் திறந்து பாக்கற வழக்கம் எங்கள்ல கிடையாது."